உப்புக்குப் பதில் சர்க்கரை: ஜான் வில்கின்ஸ் செய்த மொழி

போன கோடை விடுமுறையில் என் மகளுக்கு ஒரு ஆசை வந்தது. ஏழாம் வகுப்பு முடித்திருந்தாள். "அப்பா, நமக்கு மட்டும் புரியற மாதிரி ஒரு பாஷை பண்ணலாமா?" என்று கேட்டாள். எனக்கும் ஆபீஸ் வேலை கொஞ்சம் குறைவாக இருந்த நேரம். சரி என்று உட்கார்ந்தோம்.

நான் சாப்ட்வேர் ஆள். ஒரு பாஷை செய்யச் சொன்னால் என் கை தானாக எக்செல் ஷீட்டைத் திறக்கும். முதல் அசை வகையைச் சொல்ல வேண்டும், அடுத்த எழுத்து உட்பிரிவை, கடைசி உயிரெழுத்து பொருளை. உணவுக்கு 'மோ'. அதில் பொடியாக, தூளாக இருப்பதெல்லாம் 'மோல்'. உப்பு 'மோலி', சர்க்கரை 'மோலெ', மிளகாய்த்தூள் 'மோலா'. ஒரு எழுத்துகூட வீணில்லை, வார்த்தையைப் பார்த்தாலே பொருள் தெரியும். மகளுக்கு ஒரே குஷி. எனக்கு அதைவிட.

ஒரு வாரம்தான். ஒரு நாள் சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது அவளிடமிருந்து போன். "அப்பா, மோலி தீர்ந்து போச்சு, வாங்கிட்டு வாங்க." நான் சர்க்கரையோடு வீட்டுக்குப் போனேன். என் மனைவி பாக்கெட்டைப் பார்த்துவிட்டு, "என்னங்க, ரெண்டு பேரும் சேர்ந்து பாஷை கண்டுபிடிச்சீங்க. இனிமே ரசத்துக்கு இதையே போட்டுக்கலாமா?" என்று கேட்டாள்.

என் காதில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தபோது தெரிந்தது: நாங்கள் செய்த அதே தப்பை 1668-லேயே ஒருவர் செய்திருக்கிறார். சாதாரண ஆள் இல்லை. லண்டன் ராயல் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர், அதே வருஷம் பிஷப் ஆனவர். அவர் பெயர் ஜான் வில்கின்ஸ். இந்தப் பதிவு அவரைப் பற்றியது.

எதற்காக ஒரு புது மொழி?

வில்கின்ஸ் பிறந்தது 1614-ல். 24 வயதில் அவர் வெளியிட்ட புத்தகம் நிலாவிலும் ஒரு உலகம் இருக்கலாம் என்று வாதாடியது. 1641-ல் ரகசியச் செய்திகளை எப்படி அனுப்புவது என்று ஒரு புத்தகம் எழுதினார். சங்கேத எழுத்துக் கலை பற்றி ஆங்கிலத்தில் வந்த முதல் புத்தகம் அதுதான் என்று சொல்வார்கள். 1648-ல் ஆக்ஸ்ஃபோர்டில் வாதம் கல்லூரியின் தலைவரானார். ராபர்ட் பாயில், கிறிஸ்டோபர் ரென் போன்றவர்கள் அவரைச் சுற்றிக் கூடினார்கள். 1660 நவம்பர் 28 அன்று லண்டன் கிரஷாம் கல்லூரியில் ராயல் சொசைட்டிக்கு அடித்தளம் போட்ட கூட்டம் நடந்தபோது தலைமை நாற்காலியில் இருந்தவரும் இவரே.

அந்தக் காலத்து இங்கிலாந்தை நினைத்துப் பாருங்கள். 1642-லிருந்து 1651 வரை உள்நாட்டுப் போர். மன்னரின் தலையையே வெட்டிவிட்டார்கள். சண்டைக்கு அரசியல் காரணம் பாதி, மதக் காரணம் மீதி. கடவுள் வார்த்தையின் அர்த்தம் இதுதான் என்று ஒரு கட்சி, இல்லை அதுதான் என்று இன்னொரு கட்சி. வில்கின்ஸ் இரண்டு பக்கத்தையும் கிட்டே இருந்து பார்த்தவர். ஆலிவர் கிராம்வெல்லின் தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டவர், பிறகு கிராம்வெல்லின் எதிரியான மன்னர் இரண்டாம் சார்லஸ் ஆட்சியில் பிஷப் ஆனவர். அலங்காரமான சொற்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தப்பான கருத்துகளை வெளியே இழுத்துப் போட்டால் மதச் சண்டை பாதி குறையும் என்பது அவர் நம்பிக்கை. ஆக இதை ஒரு பொழுதுபோக்காக அவர் செய்யவில்லை. ரத்தம் சிந்தியதைப் பார்த்த ஒருவர் செய்த வேலை.

வேறு காரணங்களும் இருந்தன. படித்தவர்களின் பொதுமொழியாக இருந்த லத்தீனின் பிடி தளர்ந்துகொண்டிருந்தது. கடல் வணிகம் பெருகப் பெருகப் புதுப்புது மொழிகளோடு மோத வேண்டியிருந்தது. சீனாவில் ஒரே எழுத்தை வெவ்வேறு பேச்சுக்காரர்கள் படித்துப் புரிந்துகொள்கிறார்கள் என்ற செய்தி ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்திருந்தது. ஒலியைக் குறிக்காமல் பொருளை நேரடியாகக் குறிக்கும் எழுத்து என்று 1605-லேயே ஃபிரான்சிஸ் பேகன் இதைப் பற்றி எழுதியிருந்தார்.

1629-ல் இப்படி ஒரு மொழித் திட்டத்தைப் பற்றி டெகார்ட் தன் நண்பர் மெர்சென்னுக்கு ஒரு கடிதம் எழுதினார். எண்களுக்கு ஒரு வரிசை இருப்பதுபோல மனித எண்ணங்களுக்கும் ஒரு வரிசை கிடைத்தால் அப்படிப்பட்ட மொழி சாத்தியம்தான் என்றார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்: அதற்கு முதலில் உண்மையான தத்துவம் கையில் இருக்க வேண்டும். அதாவது உலகத்தில் என்னென்ன இருக்கிறது என்ற லிஸ்ட் முதலில் சரியாக இருக்க வேண்டும். அது நடைமுறைக்கு வரும் என்று தனக்கு நம்பிக்கை இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

வில்கின்ஸ் அந்த லிஸ்டைத்தான் போட உட்கார்ந்தார்.

40 பெட்டிகள்

இனி அவருடைய மொழி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். முதல் படி, உலகில் உள்ள எல்லாவற்றையும் 40 பெரும் வகைகளாகப் பிரிப்பது. கடவுள், உலகம், பூதங்கள், கல், உலோகம், மூன்று வகைச் செடிகள், பறவை, மீன், விலங்கு, உடல் உறுப்பு, அளவு, குணம், குடும்ப உறவு, ராணுவ உறவு, இப்படிப் போகிறது. இந்த 40-க்குள் 251 பிரிவுகள். அவற்றுக்குள் 2030 இனங்கள்.

இரண்டாவது படி ஒலி. ஒவ்வொரு பெரும் வகைக்கும் ஒரு அசை. பிரிவுக்கு ஒரு மெய்யெழுத்து, ஒன்றிலிருந்து ஒன்பது வரை நிலையான வரிசையில். இனத்துக்கு ஒரு உயிரொலி, அதுவும் ஒன்பது.

அவரே கொடுத்த உதாரணம் இது. 'டெ' என்றால் பூதம் (நிலம், நீர், தீ, காற்று சமாச்சாரம்). அதோடு முதல் மெய்யான 'ப்' சேர்த்தால் 'டெப்', முதல் பிரிவு, நெருப்பு. அதோடு முதல் உயிரொலி சேர்த்தால் 'டெபா', நெருப்பின் முதல் இனம், தீச்சுவாலை. அதே 'டெ'யோடு ஐந்தாவது மெய் சேர்ந்தால் வானில் தோன்றும் காட்சிகள், அதில் முதல் இனம் வானவில்.

இன்னொன்று. 'கோ' என்றால் குடும்ப உறவு. 'கோப்' என்றால் அதன் முதல் பிரிவு, ரத்த உறவு. 'கோப'வின் கடைசி உயிர் இரண்டாவது இனத்தைக் குறிக்கும்: நேர் மேல் தலைமுறை, அதாவது பெற்றவர். கிறிஸ்தவர்களின் பரமண்டல ஜெபத்தைத் தன் மொழியில் பெயர்த்தபோது 'பிதா' என்ற இடத்தில் இதைத்தான் போட்டார். நம் காதுக்குக் கோபம் மாதிரி கேட்கிறது, அதற்கு அவர் பொறுப்பில்லை.

பட்டியலில் இல்லாத சொல் வேண்டுமென்றால் இருப்பதோடு ஒரு துணைக்குறி சேர்க்க வேண்டும். பசுவோடு 'இளமை' சேர்ந்தால் கன்று. இதையெல்லாம் ஒலியாகச் சொல்லவும் செய்யலாம், கோடும் கொக்கியுமாக அவர் அமைத்த தனி எழுத்தில் எழுதவும் செய்யலாம்.

ஒரு புரோகிராமராக இதைப் படிக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு சொல்லைக் காதால் கேட்டதும் அது எந்த வகை, எந்தப் பிரிவு, எத்தனையாவது என்று அகராதி இல்லாமலே பிரித்துப் பார்த்துவிடலாம். நம்ம டேட்டாபேஸ் ஆட்கள் 17-ஆம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறார்கள்!

தீயும் தாவரமும்

இதை அவர் தனியாகச் செய்யவில்லை. முதலில் ஜார்ஜ் டால்கார்னோ என்ற ஸ்காட்லாந்து ஆசிரியரோடு சேர்ந்து வேலை பார்த்தார். கொஞ்ச நாளில் கருத்து வேறுபாடு. சில அடிப்படைச் சொற்கள் போதும், மற்றதை அவற்றை இணைத்துச் செய்துகொள்ளலாம் என்பது டால்கார்னோ கட்சி. உலகத்தையே பட்டியல் போட வேண்டும் என்பது வில்கின்ஸ் கட்சி. டால்கார்னோ பிரிந்துபோய் 1661-ல் தன் மொழியைத் தனியாக வெளியிட்டார். பின்னால் அவர் காது கேளாதோருக்குக் கற்பிப்பது பற்றி 1680-ல் ஒரு புத்தகம் எழுதினார், அதில் விரல்களால் எழுத்துகளைக் காட்டும் முறை ஒன்று இருக்கிறது.

வில்கின்ஸின் பட்டியலுக்கு அகராதி வேலையில் வில்லியம் லாயிட் உதவினார். விலங்குகளுக்கு ஃபிரான்சிஸ் வில்லபி. தாவரங்களுக்கு ஜான் ரே, பிற்காலத்தில் இங்கிலாந்தின் மிகப் பெரிய தாவரவியலாளர் என்று பெயர் வாங்கியவர்.

விலங்குப் பட்டியல் முடிந்ததும் வில்கின்ஸ் சும்மா இருக்கவில்லை. உலகத்து விலங்கெல்லாம் இவ்வளவுதான் என்றால் நோவாவின் பேழையில் இடம் போதுமா என்று கணக்குப் போட்டார். புலி, சிங்கம் வகையறாவுக்கு நாளுக்கு 5 ஆடு, ஒரு வருஷத்துக்கு 1825 ஆடு, அதற்கு இவ்வளவு இடம், வைக்கோலுக்கு இவ்வளவு இடம். எல்லாம் அடங்கும் என்று முடித்தார். கெப்பாசிட்டி பிளானிங்!

1666 செப்டம்பரில் லண்டன் பெருந்தீ. வில்கின்ஸ் அப்போது லண்டன் நகரத்தில் ஒரு தேவாலயத்துக்குப் பொறுப்பாக இருந்தார். தேவாலயம் போயிற்று, வீடு போயிற்று. அச்சாகிக்கொண்டிருந்த புத்தகத்தின் தாள்களும் பெரும்பாலும் எரிந்துபோயின. அச்சுக்குப் போகாத கையெழுத்துப் பிரதியிலும் ஒரு பகுதி காலி. பேக்கப் இல்லாத காலம். இன்னொருவராக இருந்தால் கையைக் கழுவியிருப்பார். இவர் திரும்ப உட்கார்ந்து எழுதி 1668-ல் வெளியிட்டார், அகராதியோடு சேர்த்து 600 பக்கங்களுக்கு மேல்.

அடுத்த வருஷம் ஜான் ரே தன் நண்பருக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அதில் அவர் புலம்பியதன் சாரம்: தாவரங்களை எழுதும்போது இயற்கை போன வழியில் நான் போகவில்லை, ஆசிரியரின் முறை கேட்ட வழியில் போனேன். ஏனென்றால் வில்கின்ஸின் மொழியில் ஒன்பது மெய்கள்தான். ஆகவே செடி கொடிகளையும் ஒன்பது பிரிவாகவே பிரிக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட சம எண்ணிக்கையில். இயற்கையில் ஒரு குடும்பத்தில் 3 செடியும் இன்னொன்றில் 300 செடியும் இருக்கலாம், அதற்கெல்லாம் இங்கே இடமில்லை. ஸ்கீமாவுக்காக டேட்டாவை வளைத்த கதை இது. வளைக்கச் சொன்னது மேலிடம், வளைத்தது ரே, மனசாட்சி உறுத்தியதும் ரேவுக்கே.

முதல் கோளாறு: பக்கத்து வீடு

இப்போது உப்பு விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன்.

வில்கின்ஸின் மொழியில் பொருளில் பக்கத்தில் இருப்பவை ஒலியிலும் பக்கத்தில் இருக்கும். அதுதான் அதன் பெருமை. ஆனால் அதனால் என்ன ஆகிறது? ஒரு எழுத்து தவறினால் பொருளற்ற சொல் வராது. பொருளுள்ள, பக்கத்துப் பொருளைக் குறிக்கும் இன்னொரு சொல் வரும். கேட்பவருக்குச் சந்தேகமே வராது.

இதற்குச் சாட்சி அவருடைய புத்தகத்திலேயே இருக்கிறது. இத்தாலிய அறிஞர் உம்பெர்த்தோ எக்கோ இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். டூலிப் பூவுக்கான சொல் 'காபெ', பார்லிக்கான சொல் 'காடெ'. புத்தகத்தில் ஓரிடத்தில் 'காபெ' என்று வரவேண்டிய இடத்தில் 'காடெ' என்று அச்சாகியிருக்கிறது. பூ தானியமாகிவிட்டது. மொழியைச் செய்தவர் புத்தகத்திலேயே இந்தக் கதி என்றால், என் வீட்டு ரசம் எம்மாத்திரம்.

நம் எழுத்தில் எழுதினால் இன்னும் வேடிக்கை. அவருடைய ஒன்பது மெய்களில் 'பஸ்'ஸில் வரும் ப முதலாவது, 'பல்'லில் வரும் ப நாலாவது. முதலாவது நெருப்பு, நாலாவது நிலம். தமிழ் எழுத்தில் இரண்டுமே 'டெப்'தான். தீயும் மண்ணும் ஒன்றாகிவிடும்.

இயல்பான மொழி இந்தச் சிக்கலை எப்படிச் சமாளிக்கிறது என்று பாருங்கள். கல், பல், வில், நெல். ஒலியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பொருளில் எங்கெங்கேயோ இருக்கின்றன. "அந்தக் கல்லை எடுத்துப் போடு" என்று சத்தத்துக்கு நடுவே சொன்னாலும் யாரும் பல்லைத் தேட மாட்டார்கள். இடம் பொருள் பார்த்து மூளை சரிசெய்துகொள்ளும். மறுபக்கம் நாய், பூனை, மாடு என்று பொருளில் பக்கத்தில் இருப்பவை ஒலியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. குழம்ப வாய்ப்பே இல்லை.

நம் மொழியில் வில்கின்ஸ் பாணியில் அமைந்த ஒரு மூலை உண்டு, எண்கள். எழுபது, எண்பது. போனில் எத்தனை தடவை "எழுபதா, எண்பதா?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறோம்? "கல்லா, பல்லா?" என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்? பொருளும் ஒலியும் ஒரே சமயத்தில் பக்கத்தில் வந்தால் காது தோற்றுவிடுகிறது.

தகவல் கோட்பாடு படித்தவர்களுக்கு இது பழைய செய்தி. 1948-ல் கிளாட் ஷானனும் 1950-ல் ரிச்சர்ட் ஹாமிங்கும் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டிவிட்டார்கள். பிழையைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் குறியீட்டில் கொஞ்சம் உபரி இருக்க வேண்டும், சரியான இரண்டு சொற்களுக்கு நடுவே தூரம் இருக்க வேண்டும். வில்கின்ஸ் ஒரு எழுத்தைக்கூட வீணாக்கவில்லை. நானும் அன்றைக்கு எக்செல் ஷீட்டில் அதையே சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

இரண்டாவது கோளாறு: காலம்

முதல் கோளாறையாவது சத்தமாகப் பேசிச் சமாளிக்கலாம். இரண்டாவது அப்படி இல்லை.

திமிங்கிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வில்கின்ஸ் பட்டியலில் அது மீன், குட்டி போடும் நீள மீன். அவர் காலத்து அறிவு அதுதான். 1758-ல் லின்னேயஸ் திமிங்கிலத்தைப் பாலூட்டிகளோடு சேர்த்தார். வில்கின்ஸ் மொழி அப்போது புழக்கத்தில் இருந்திருந்தால் என்ன செய்வார்கள்? திமிங்கிலத்தின் பெயரையே மாற்ற வேண்டும். ஏற்கெனவே அச்சான எல்லாப் புத்தகத்திலும் அந்தச் சொல் இப்போது ஒரு பொய். 'டெபா'வும் அப்படித்தான். நெருப்பு ஒரு பூதம் என்று அதன் முதல் அசை சத்தியம் செய்கிறது. நூறு வருஷம் கழித்து லவாய்சியர் வந்து, எரிவது ஆக்சிஜனோடு சேரும் ஒரு வினை என்று காட்டிவிட்டார். சாதாரண 'தீ'க்கு இதனால் ஒரு சேதமும் இல்லை. அது எதையும் சத்தியம் செய்யவில்லையே.

இந்த வலி எனக்கு நன்றாகவே தெரியும். பல வருஷத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் உதிரி பாகங்களுக்கு எட்டு எழுத்துக் கோடு வைத்திருந்தார்கள். முதல் இரண்டு சப்ளையர், அடுத்த இரண்டு பொருள் வகை, அடுத்தது எந்த குடோன், எந்த ரேக். கோடைப் பார்த்தாலே எல்லாம் தெரியும் என்று சொல்லிக் கொடுத்தபோது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. பிறகு குடோனை மாற்றினார்கள். இரண்டு சப்ளையர் ஒன்றானார்கள். கோடை மாற்றினால் பழைய பில்லெல்லாம் அநாதை. மாற்றாவிட்டால் கோடு சொல்லும் ரேக்கில் பொருள் இருக்காது. அதைச் சரிசெய்ய வரிசையாக ஆறு சனி ஞாயிறு ஆபீசில் உட்கார்ந்தேன். அடையாளத்துக்குள் தகவலை வைக்காதே என்ற பாடத்தை அங்கேதான் படித்தேன்.

உங்கள் பர்ஸிலேயே இரண்டு கட்சியும் இருக்கிறது. பான் எண்ணை எடுத்துப் பாருங்கள். நாலாவது எழுத்து தனிநபரா, கம்பெனியா என்று சொல்லும். ஐந்தாவது எழுத்து உங்கள் குடும்பப் பெயரின் முதலெழுத்து. கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றிக்கொண்டவர்களுக்கு அந்த ஐந்தாவது எழுத்து பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கும், ஏனென்றால் எண் மாறாது. ஆதார் எண்ணோ வேண்டுமென்றே எதையும் சொல்லாது. ஊர், சாதி, வயது எதுவும் அதில் கிடையாது. கடைசி இலக்கம் மட்டும் மற்ற இலக்கங்கள் தப்பாக எழுதப்பட்டனவா என்று சோதிக்க. வில்கின்ஸ் வழிக்கு நேர் எதிர் வழி.

பிறகு என்ன ஆச்சு?

புத்தகம் வந்ததும் ராயல் சொசைட்டி அதை ஆராய ஒரு குழு போட்டது. குழுக்களுக்கு வழக்கமாக என்ன ஆகுமோ அது ஆயிற்று. ராபர்ட் ஹூக் மட்டும் விடாப்பிடியாக இருந்தார். 1676-ல் வெளியிட்ட ஒரு நூலில் கடிகாரம் பற்றிய ஒரு பகுதியை வில்கின்ஸின் எழுத்திலேயே அச்சிட்டார். வில்கின்ஸ் 1672-ல் இறந்துவிட்டார். ஜான் ரே, அத்தனை புலம்பலுக்குப் பிறகும், அந்தப் புத்தகத்தை லத்தீனில் மொழிபெயர்த்தார். அது அச்சாகவே இல்லை.

லைப்னிட்ஸ் இந்தப் புத்தகத்தைப் படித்து, இதைவிட ஆழமாகப் போக வேண்டும் என்று நினைத்தார். கருத்துகளுக்கு எண் கொடுக்கலாம், 'விலங்கு' 2, 'பகுத்தறிவு' 3 என்றால் 'மனிதன்' 6 என்று பெருக்கிக்கொள்ளலாம் என்றார். 1678-ல் எண்களையே சொற்களாக உச்சரிக்க ஒரு வழியும் சொன்னார். மெய்யெழுத்து இலக்கத்தைச் சொல்லும், உயிரெழுத்து அது எந்த இடம் என்று சொல்லும். 81374 என்பது 'முபோடிலெஃபா'. மு 80000, போ 1000, டி 300, லெ 70, ஃபா 4. இதில் அழகு என்னவென்றால், அசைகளை எப்படிக் கலைத்துப்போட்டு 'போடிஃபாலெமு' என்றாலும் அதே எண்தான். ஆனால் எந்தக் கருத்துக்கு எந்த எண் என்ற லிஸ்ட் அவருக்கும் கடைசிவரை கிடைக்கவில்லை. டெகார்ட் போட்ட நிபந்தனை அங்கேயே நின்றது.

பின்னால் வெற்றி பெற்ற செயற்கை மொழிகள் இந்த வழியை விட்டுவிட்டன. 1887-ல் ஜாமென்ஹோஃப் எஸ்பராந்தோவை வெளியிட்டபோது வேர்ச்சொற்களை ஐரோப்பிய மொழிகளிலிருந்தே எடுத்துக்கொண்டார். 1987-ல் தொடங்கிய லோஜ்பான் மொழிக்காரர்கள் வேர்ச்சொல் அமைக்கும்போதே ஒரு விதி வைத்தார்கள்: கடைசி உயிர் மட்டும் மாறுபடும் இரண்டு வேர்கள் இருக்கக் கூடாது. ஒத்தொலிக்கும் ஒரே ஒரு மெய் மட்டும் மாறுபடும் வேர்களும் கூடாது. மோலி, மோலெ அங்கே செல்லாது.

அப்படியானால் வில்கின்ஸின் உழைப்பு வீணா? அவருடைய பட்டியலை எடுத்து அதிலிருந்து ஒலியைக் கழற்றிவிடுங்கள். மிஞ்சுவது பொருள் வாரியாக அடுக்கிய ஒரு சொல் களஞ்சியம். 1852-ல் பீட்டர் மார்க் ரோஜெட் அதைத்தான் செய்தார். ஆங்கிலம் எழுதுபவர்கள் இன்றும் புரட்டும் அவருடைய தெசாரஸின் முன்னுரையில் வில்கின்ஸைக் குறிப்பிட்டிருக்கிறார். ரோஜெட்டும் ராயல் சொசைட்டியின் செயலாளராக இருந்தவர்தான்.

அடிப்படைத் துண்டுகளைச் சேர்த்துப் பொருளைக் கட்டும் கனவு, நம் சீர்காழிக்காரர் ஒருவர் கையில் வேறு விதமாகப் பலித்தது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924-ல் சேர்ந்த எஸ்.ஆர். ரங்கநாதன் பயிற்சிக்காக லண்டன் போனார். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். அதே பட்டைகள், அதே திருகாணிகள், எதை எதோடு சேர்க்கிறோமோ அதற்கேற்ப வண்டியாகவும் வரும், கிரேனாகவும் வரும். 1933-ல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை அப்படித்தான் வேலை செய்கிறது: ஒரு நூலின் பொருளை அடிப்படைக் கூறுகளாகப் பிரித்து, குறிகளால் சேர்த்து எழுதுவது. அதை யாரும் போனில் பேச வேண்டியதில்லை, அலமாரியில் தேடினால் போதும். அறிவு வளர்ந்தால் அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம்.

இதில் நான் புரிந்துகொண்டது இதுதான். சொல்லுக்கும் பொருளுக்கும் நடுவே காரணம் இல்லாமல் இருப்பதை வில்கின்ஸ் ஒரு ஓட்டையாகப் பார்த்தார். அந்த இடைவெளியால்தான் காதில் விழும் பிழையை நம்மால் திருத்த முடிகிறது. நாம் தெரிந்துகொண்டது நாளைக்குத் தப்பு என்று ஆனாலும் பழைய சொல்லை வைத்துக்கொண்டே புது உண்மையைப் பேச முடிகிறது. சொல் ஒவ்வொன்றும் உண்மையை மட்டுமே சொல்லும் மொழி வந்தால் சண்டை நிற்கும் என்று அவர் நம்பினார். அப்படி ஒரு மொழி இருந்திருந்தால், திமிங்கிலம் மீனா இல்லையா என்ற சண்டையைப் போடக்கூட ஒரு பொதுச் சொல் இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு மகளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ உப்புக்கு வேற பேர் வெச்சுடலாம்ப்பா. எதோடயும் சேராம." எக்செல் ஷீட்டில் அந்த வரிசையை அழித்துவிட்டு அவளே ஒரு சொல் எழுதினாள்: 'டொங்கு'. ஏன் அந்தப் பேர் என்று கேட்டேன். "சும்மாதான்ப்பா" என்றாள்.

அதற்குப் பிறகு இன்றுவரை வீட்டுக்கு உப்பு சரியாக வருகிறது.